பொன்னாடைக்கு முன் கேட்ட கேள்வி: காப்புரிமை பெற்ற ஆசிரியர்களைப் பாராட்டிய விழா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. அங்கே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் நானும் ஓர் உறுப்பினர். ஆட்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இதேபோல் விழா எடுக்கும் கல்லூரிகள் நிறைய இருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவைப்பது பிறருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 26, அதாவது உலக அறிவுசார் சொத்துரிமை நாளன்று, பல்கலைக்கழகத்தில் ஒரு பாராட்டு விழா நடக்கும். 'பேட்டன்ட்', அதாவது தன் கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் தடுக்க அரசு தரும் காப்புரிமை, வைத்திருக்கும் ஆசிரியர்களைத் துறைவாரியாக மேடைக்கு அழைப்பார்கள். பொன்னாடை, கேடயம், ஒரு சிறு ஊக்கத்தொகை, துணைவேந்தரோடு ஒரு படம். ஆராய்ச்சி செய்யும் ஆசிரியருக்கு ஊரறிய ஒரு மரியாதை கிடைக்கும் நாள் வேறு ஏதும் எங்களிடம் இல்லை. அதனால் இந்த விழா வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

சில ஆண்டுகளாகப் பட்டியல் வேகமாக நீண்டுகொண்டிருந்தது. அதற்கு வெளிப்படையான காரணங்கள் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் ஆராய்ச்சிப் பிரிவின் கீழ் காப்புரிமைக்கு 15 மதிப்பெண். வழங்கப்பட்ட காப்புரிமைக்கு 10, வெளியிடப்பட்ட விண்ணப்பத்துக்கு 5. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் ஆசிரியர்களின் ஆராய்ச்சி மதிப்பெண் கணக்கிலும் பன்னாட்டுக் காப்புரிமைக்கு 10, தேசியக் காப்புரிமைக்கு 7. பதவி உயர்வுக்குக் காத்திருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தை மத்திய அரசு 80 விழுக்காடு குறைத்தது. இணைய வழியில் விண்ணப்பிக்க 8,000 ரூபாயாக இருந்தது 1,600 ஆனது. விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் ஆய்வு செய்வதற்கான கட்டணம் 20,000இல் இருந்து 4,000 ஆனது. நாடு முழுவதும் வேகம் கூடியது. 2023 மார்ச் நடுவில் இருந்து 2024 மார்ச் நடு வரையிலான ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை இந்தியக் காப்புரிமை அலுவலகம் வழங்கியது.

இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகள். கட்டணம் குறைந்திருக்காவிட்டால் எங்கள் ஆசிரியர்கள் பலர் விண்ணப்பிக்கவே துணிந்திருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கை ஏறிய வேகத்தில், மேடையில் நிற்பவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்கும் வழக்கம் எங்கேயோ விடுபட்டுப்போனது.

## பட்டியல் கைக்கு வந்தபோது

2025 ஜனவரியில் அந்த ஆண்டு விழாவுக்கான பட்டியலைத் துறைகள் அனுப்பின. அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள். அப்போது பதிவாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தவர் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார்: "ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துல சர்டிபிகேட் நகலை வச்சிடுங்க, கணக்குத் துறைக்கு வேணும்." வேறு உள்நோக்கம் ஏதும் அவருக்கு இல்லை.

நகல்கள் வந்து சேர்ந்தபோதுதான் 'பேட்டன்ட்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எத்தனை வகைக் காகிதங்கள் இருக்கின்றன என்று எங்கள் பிரிவின் குழு பார்த்தது.

பாதிக்கு மேல் வெளியீட்டு நிலையில் இருந்த விண்ணப்பங்கள். இந்தியாவில் எந்த விண்ணப்பமும் 18 மாதங்களில் காப்புரிமை இதழில் தானாக வெளியாகும். அவசரம் என்றால் 2,500 ரூபாய் கட்டி முன்கூட்டியே வெளியிடக் கேட்கலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை இதழில் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகத்தின் எந்த ஆய்வாளரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அதில் புதுமை உண்டா, வேறு யாராவது முன்பே செய்துவிட்டார்களா என்ற கேள்வியே அப்போது எழுந்திருக்காது. 'பப்ளிஷ் ஆச்சு' என்பதற்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அடுத்தது வடிவமைப்புப் பதிவுகள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி கிடைக்கும் இந்தப் பதிவு, பொருளின் தோற்றத்தைத்தான் காக்கும்; அது எப்படி வேலை செய்கிறது என்பதை அல்ல. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு, காப்புரிமை மட்டும் அது ஆகாது. சிலர் 'யு.கே. பேட்டன்ட்' என்று குறித்திருந்தவை பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவுகள். அங்கே புதுமை இருக்கிறதா என்று சோதிக்காமலே பதிவுசெய்துவிடுவார்கள். 'ஜெர்மன் பேட்டன்ட்' என்று இருந்தவையும் இப்படித்தான். அவை பயன்பாட்டு மாதிரிப் பதிவுகள்; உள்ளடக்க ஆய்வு இல்லாமல் கிடைப்பவை.

குழுவை அதிகம் கவலைப்பட வைத்தது வேறொரு வகை. எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்த விண்ணப்பங்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு கல்லூரி, சில சமயம் வெவ்வேறு மாநிலம். தலைப்பில் செயற்கை நுண்ணறிவும் பொருள்களின் இணையமும் கட்டாயம் இருக்கும். எங்கள் ஆசிரியரின் துறைக்கும் அந்தத் தலைப்புக்கும் சில இடங்களில் தொடர்பே இல்லை. விசாரித்தபோது ஒரு தனியார் ஆலோசகரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இடம் வாங்கியது தெரிந்தது. அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அதில் ஓர் உதவிப் பேராசிரியர் சொன்னது மனதில் நிற்கிறது: "அப்ரைசல் படிவத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தா இன்க்ரிமென்ட் நிக்குது சார். லேப்ல உக்காந்து வேலை செய்ய வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு விடுதா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பட்டியலில் ஆய்வு முடிந்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகள் பத்துப் பன்னிரண்டுதான் தேறின. அவற்றிலும் ஒன்று அப்போது உயிரோடு இல்லை.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு விழாவில் முதல் வரிசையில் அமர்த்திப் பாராட்டப்பட்ட ஓர் ஆசிரியையின் காப்புரிமை அது. சாய ஆலைக் கழிவுநீரில் இருந்து உப்பைப் பிரிக்கும் ஒரு வடிகட்டி அமைப்பு. திருப்பூர்ப் பக்கம் அதற்குத் தேவை இருக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். 2023 நவம்பரில் வழங்கப்பட்டது. விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காப்புரிமை வழங்கப்பட்டால், உரிமையை நடப்பில் வைத்திருக்க ஆண்டுவாரியாகக் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தில் அதுவரை சேர்ந்துவிட்டதைப் பதிவேட்டில் ஏறிய நாளில் இருந்து மூன்று மாதங்களுக்குள் கட்ட வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் இருந்து ஆறாம் ஆண்டு வரை, கல்வி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு வெறும் 800 ரூபாய். பல்கலைக்கழகம் கட்டும் என்று ஆசிரியை நினைத்தார். விண்ணப்ப வேலைகளைக் கவனித்த காப்புரிமை ஏஜென்ட் அனுப்பிய நினைவூட்டல் மாறிப்போன ஒரு துறைத்தலைவரின் மின்னஞ்சலுக்குப் போனது. 2024 ஏப்ரலில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் முடிந்தது. சில ஆயிரம் ரூபாய் கட்டாததால், ஐந்தாண்டு உழைப்பில் கிடைத்த உரிமை காலாவதி ஆனது. கேடயத்துக்கு அதைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

## மஞ்சள் வேக்காடு பார்க்கும் கருவி

குழு முதலில் செய்தது எளிமையான ஒன்று. வழங்கப்பட்ட காப்புரிமை உள்ள ஒவ்வோர் அணியையும் அழைத்து, "உங்கள் முதல் கிளெய்மை எங்களுக்குச் சொல்லிப் புரியவையுங்கள்" என்று கேட்டது. கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று காப்புரிமையில் எழுதும் கோரல்தான் கிளெய்ம். தேர்வு மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக அவரவர் ஆய்வகத்துக்கே போனோம். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அப்படிப் போன இடங்களில் ஒன்றில் நடந்ததுதான்.

இயந்திரவியல் பக்கத்து ஆய்வகம் அது. மஞ்சளை அறுவடை செய்தபின் வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள். முன்பு கொப்பரையில் தண்ணீர் விட்டு வேகவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் நீராவி. துளையிட்ட உருளைக்குள் கிழங்கை நிரப்பி நீராவியை விடுவார்கள். பதம் தவறினால் விலை போய்விடும். அதிகம் வெந்தால் நிறம் கெடும், வேகாமல் விட்டால் காய்ந்தபின் எளிதில் நொறுங்கும். பதம் பார்ப்பதற்கு உருளையைத் திறந்து, கிழங்கை எடுத்து அழுத்தியோ குச்சியால் குத்தியோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீராவி வீணாகும், கையும் சுடும்.

இவர்கள் செய்த கருவி உருளையைத் திறக்காமலே பதம் சொல்லும். உள்ளே ஒரு சிறு கூண்டில் மாதிரிக் கிழங்குகள். அவற்றின்மேல் ஸ்பிரிங் அழுத்தும் மழுங்கிய ஊசி. கிழங்கு இளகி ஒரு நிலைக்கு வந்ததும் ஊசி உள்ளே இறங்கும், வெளியே இருக்கும் காட்டி சாயும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம். நீராவி கசியாமல் அந்தத் தண்டு வெளியே வரும் அடைப்பு முறையில்தான் புதுமை இருந்தது.

2020இல் விண்ணப்பித்தார்கள். முதல் ஆய்வு அறிக்கையில் இரண்டு ஆட்சேபங்கள். பழங்களின் கனிவை அளக்கும் ஊசிக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது ஒன்று. குத்திப் பதம் பார்ப்பது பாரம்பரிய அறிவு, சட்டத்தின் 3(p) பிரிவின்படி அதற்குக் காப்புரிமை கிடையாது என்பது மற்றொன்று. ஆய்வாளர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. காப்புரிமையில் மஞ்சளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் அந்தக் கோரல்கள் தள்ளுபடி ஆயின. அதுவும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பெயரில் வந்த காப்புரிமைதான். எங்கள் அணி குத்திப் பார்ப்பதற்கு உரிமை கேட்கவில்லை, நீராவி அழுத்தத்துக்குள் அதைச் செய்யும் அமைப்புக்குத்தான் கேட்கிறது என்று விளக்கிப் பதில் கொடுத்தது. காணொளி விசாரணைக்குப் பின் 2024 இறுதியில் காப்புரிமை கிடைத்தது.

சான்றிதழில் கண்டுபிடிப்பாளர்களாக நான்கு பெயர்கள்: வழிகாட்டிப் பேராசிரியை, அவருடைய ஆராய்ச்சி மாணவர், இன்னோர் உதவிப் பேராசிரியர், அப்போதைய துறைத்தலைவர். அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்.

ஆய்வகத்தில் மாணவர்தான் கருவியைக் காட்டி விளக்கினார். அடைப்புப் பகுதிக்கு வந்ததும், "இந்த இடத்துல எங்களுக்கு ரொம்ப நாள் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு சார். இப்படி ரெண்டு வளையம் எதிரெதிரா வைக்கலாம்னு சொன்னது அண்ணன்தான்" என்று, லேத் பக்கம் நின்றுகொண்டிருந்த ஆய்வக டெக்னீஷியனைக் காட்டினார். அவர் பவானிப் பக்கத்துக்காரர், மஞ்சள் விவசாயக் குடும்பம். ஆய்வகக் குறிப்பேட்டைக் கேட்டோம். தேதியோடு அவர் கையால் வரைந்த படம் அதில் இருந்தது. முதல் கிளெய்மில் உள்ள படமும் அதுவும் ஒன்றே.

"உங்க பேரு ஏன்ங்க இதுல இல்ல?" என்று கேட்டதற்கு அவர் தயங்கினார். "இதெல்லாம் கண்டுபிடிப்புல வருங்களா சார்? மேடம் செய்யச் சொன்ன வேலையச் செஞ்சனுங்க. நமக்கெதுக்குங்க பேரு."

பேராசிரியை அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பிரிவுக்கு வந்து, "அவர் பேரைச் சேர்க்க என்ன செய்யணும், இப்பவே செஞ்சிடலாம்" என்றார்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெயர் சேர்ப்பதில் சட்டம் கையைக் கட்டியது. கண்டுபிடிப்பாளர் என்று குறிப்பிடக் கோரும் வழி 28ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோரிக்கையைக் காப்புரிமை வழங்கப்படும் முன் கொடுத்திருக்க வேண்டும். வழங்கியாகிவிட்டது. வேறு வழிகளை ஆராய்வதை வழக்கறிஞரிடம் விட்டோம், விழாவுக்குள் முடிகிற காரியம் அல்ல அது. அதனால் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதைச் செய்வது என்று தீர்மானித்தோம். அவருடைய பங்களிப்பை ஆய்வகக் குறிப்பேட்டுச் சான்றோடு ஆட்சிக் குழுத் தீர்மானமாகப் பதிவுசெய்தோம். வருவாய் வந்தால் கண்டுபிடிப்பாளர் பங்கில் அவருக்கும் சமபங்கு என்று மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். ஓய்வுபெற்ற துறைத்தலைவரும் கையெழுத்திட்டார். அவர் பெயர் ஏன் அதில் இருக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார். பதிவேட்டில் இருக்கும் பெயரை நாங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் காப்புரிமையே சிக்கலில் மாட்டலாம் என்பதால் அதைத் தொடரவில்லை. இந்த இடத்தில் முழு நியாயம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

விழாவைப் பொறுத்தவரை மூன்று நாட்கள் வாதம் நடந்தது. வழங்கப்பட்டு, நடப்பில் இருக்கும் காப்புரிமைக்கு மட்டுமே மேடை என்பதை ஏற்க வைப்பதே கடினமாக இருந்தது. தரப் பிரிவில் இருந்தவர்கள், என்.ஐ.ஆர்.எஃப் வெளியீட்டுக்கும் மதிப்பெண் தருகிறதே, நாம் ஏன் அதைக் கீழே இறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் கவலை நியாயமானது. தரவரிசைக்கு எல்லாவற்றையும் முறைப்படி அனுப்பலாம், அது தகவல். மேடை என்பது பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் முன்னால் 'இதைப் போல் செய்யுங்கள்' என்று சொல்லும் இடம். முதல் ஆண்டு மாணவர் அதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்கிறார். என் வாதம் இதுதான், இப்போதும் இதில் உறுதியாக இருக்கிறேன்.

வெளியீட்டு நிலையில் இருப்பவற்றைத் துறை அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயராலேயே வாழ்த்துவது, வடிவமைப்புகளை வடிவமைப்பு என்றே சொல்லித் தனியாகப் பாராட்டுவது என்று முடிவானது. ஒவ்வொரு பதிவின் எண்ணையும் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் போட்டுப் பார்த்து, நிலையைப் பக்கத்தில் எழுதினோம். அங்கே யாரும் பார்க்கலாம், இலவசம்.

கூட்டாகப் பணம் கட்டி வாங்கியவர்கள் விஷயத்தில் பேச்சு சூடானது. தண்டிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் அவற்றுக்கும் பொன்னாடை போர்த்தியது பல்கலைக்கழகம்தான் என்பதால், யார் பெயரையும் வெளியே சொல்லாமல் ஒரே அளவுகோல் வைத்தோம்: கிளெய்மை விளக்க முடிந்தால், தன் பங்கைக் காட்ட முடிந்தால் மேடை உண்டு. இரண்டு பேர் உண்மையிலேயே காட்டினார்கள், அவர்களைச் சேர்த்தோம். மற்றவர்கள் தாங்களே விலகிக்கொண்டார்கள். அவர்களை உட்காரவைத்து ஒன்றை மட்டும் விளக்கினோம். காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர் அனைவருக்கும் சமமான, பிரிக்கப்படாத பங்கு. மற்ற அனைவரின் சம்மதமும் இல்லாமல் ஒருவர் உரிமம் கொடுக்கவோ பங்கை மாற்றிக் கொடுக்கவோ முடியாது. முகம் தெரியாத ஒன்பது பேரோடு இப்படிப் பிணைந்த உரிமையை எந்தத் தொழிற்சாலையிடம் கொண்டுபோவது?

அப்புறம், என்ன பரிசு கொடுப்பது என்ற கேள்வி. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகளின்படி, நடப்பில் உள்ள காப்புரிமையின் கண்டுபிடிப்பாளர் படிவம் 8ஏ மூலம் விண்ணப்பித்தால் அவர் பெயரில் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் கிடைக்கும். காப்புரிமைச் சான்றிதழ் உரிமையாளரான பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும்; இது அந்த மனிதரின் பெயரில் இருக்கும். கேடயத்துக்குப் பதிலாக இதையே வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். அதோடு, புதுப்பிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே கட்டும். மாதிரிக் கருவி செய்ய ஒரு சிறு நிதியும் தரும். கேடயமும் மேடை அலங்காரமும் குறைந்ததில் அந்தத் தொகையின் பெரும்பகுதி கிடைத்தது.

## விழா நாள்

2025 ஏப்ரல் 26 சனிக்கிழமை. உரைகளைச் சுருக்கி, ஒவ்வோர் அணிக்கும் பத்து நிமிடம் கொடுத்தோம். கருவி இருந்தால் கருவியோடு, இல்லாவிட்டால் படத்தோடு. இறுதியாண்டு மாணவர்கள் பார்வையாளர்களாக வந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அரங்கம் முழுக்கப் பெயர் வாசிப்புத்தான் கேட்கும். இந்த முறை கேள்விகள் வந்தன. மஞ்சள் கருவிக்குத்தான் அதிகம். "வேற கிழங்குக்கு இது ஓடுமா?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு டெக்னீஷியனே எழுந்து பதில் சொன்னார். மரவள்ளிக்கு ஊசியின் முனை மாற வேண்டும் என்று ஏன் நினைக்கிறார் என்பதைக் கையால் காட்டி விளக்கினார். அவருக்குக் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை. ஆட்சிக் குழுத் தீர்மானத்தின் கையெழுத்திட்ட படியைத் துணைவேந்தர் கொடுத்தார். அவர் மனைவியும் மகனும் வந்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற துறைத்தலைவரும் வந்து தன் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

மேடையேறாத ஆசிரியர்கள் சிலர் அன்று வரவில்லை. அடுத்த சில வாரங்கள் ஆசிரியர் அறைகளில் கசப்பு இருந்தது. போன வருடம் தகுதியாக இருந்தது இந்த வருடம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு முழுத் திருப்தியான பதில் எங்களிடம் இல்லை.

## அதற்குப் பின்

காலாவதியான கழிவுநீர் வடிகட்டிக் காப்புரிமையை மீட்க, 60ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பித்தோம். காலாவதியான நாளில் இருந்து 18 மாதங்களுக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே விட்டுவிடவில்லை என்று காட்ட வேண்டும். தவறான முகவரிக்குப் போன மின்னஞ்சலே சான்றானது. விண்ணப்பம் இதழில் வெளியாகி, எதிர்ப்புக்கான இரண்டு மாதமும் கடந்து, உரிமை மீண்டது. இடைப்பட்ட காலத்தில் யாராவது அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது. அந்த இழப்பை யாரும் திருப்பித் தர முடியாது.

மஞ்சள் கருவியைப் பார்க்கப் பெருந்துறைப் பக்கம் நீராவிக் கொதிகலன் செய்யும் ஒருவர் வந்தார். விண்ணப்பதாரர் பல்கலைக்கழகம் ஒன்றே என்பதால் பேச்சு எளிதாக இருந்தது. அடுத்த அறுவடைப் பருவத்தில் அவருடைய இரண்டு உருளைகளில் பொருத்திப் பார்ப்பது என்று ஒப்பந்தம். சோதனையில் அடைப்பு வளையம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. வேறு பொருளில் செய்து பார்க்கிறார்கள். உரிமம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

எண்ணிக்கை விழுந்தது. அந்தக் கல்வியாண்டில் புதிய விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டைவிடக் குறைவு, கூட்டு விண்ணப்பங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. நிர்வாகத்தில் இருந்து விளக்கம் கேட்டார்கள். வந்தவற்றின் தன்மையைக் காட்டினோம். முன்பு யாரும் விண்ணப்பிக்காத இடங்களில் இருந்து கண்டுபிடிப்பு அறிவிப்புகள் வந்திருந்தன: நூலகம், பட்டறை, விடுதிச் சமையலறை. அவற்றில் பலவும் காப்புரிமை வரை போகாது. ஆனால் ஒவ்வொன்றிலும் எழுதியவருக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்திருந்தது. நிர்வாகம் அதை ஓராண்டுக்கு ஏற்றுக்கொண்டது. தரவரிசை வந்தபின் மீண்டும் பேசுவோம் என்றார்கள்.

வாரத்துக்கு இருபது மணி நேரம் என்று கேட்ட உதவிப் பேராசிரியரின் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நீக்கக் கோரினோம், நீக்கவில்லை. 'வெளியீடு' என்றும் 'வழங்கல்' என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கண்டுபிடிப்புக்கு நேரம் ஒதுக்காமல் கண்டுபிடிப்பாளரைப் பாராட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

## இன்னொரு முறை செய்தால்

பங்களிப்பைக் கேட்க வேண்டிய நேரம் விழாவுக்கு முன் அல்ல, விண்ணப்பத்துக்கு முன். இப்போது வரைவு ஏஜென்ட்டிடம் போகுமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எந்தக் கிளெய்மின் எந்தக் கூறு யாருடைய யோசனை, குறிப்பேட்டின் எந்தப் பக்கம் சான்று. ஆய்வக உதவியாளர், பட்டறை ஊழியர், மாணவர் என எல்லாரும் அதில் கையெழுத்திட வேண்டும். யார் பங்களிக்கவில்லை என்பதையும் அது சொல்லிவிடும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்க்கும் வழக்கம் அங்கேயே நிற்க வேண்டும். காப்புரிமை கிடைத்தபின் எங்களால் செய்ய முடியாமல்போன திருத்தம், அந்தக் கட்டத்தில் ஒரு வரியில் முடியும்.

ஆய்வேட்டைச் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றும் முன்னும், கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்னும் எங்கள் பிரிவுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. பட்டியலில் இருந்த ஒரு நல்ல கண்டுபிடிப்பு, ஆசிரியரின் சொந்த ஆய்வேடே முன்பு வெளியாகிவிட்டதால் ஆய்வு நிலையில் விழுந்தது. இந்தியச் சட்டத்தில் 31ஆம் பிரிவு தரும் 12 மாத விலக்கு மிகக் குறுகியது. இதழில் வந்த கட்டுரையை அது பொதுவாகக் காப்பாற்றாது.

புதுப்பிப்புக் கெடு நாட்களைக் கணக்குத் துறையின் நாட்காட்டியில் சேர்த்திருக்கிறோம், தனி ஒருவரின் மின்னஞ்சலில் அல்ல. அளவுகோல் மாறுகிறது என்றால் அதை விழாவுக்கு ஓராண்டு முன்பே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 2027க்கான அளவுகோல் இப்போதே சுற்றுக்குப் போயிருக்கிறது. அதில் பங்களிப்புப் படிவம் இல்லாத விண்ணப்பம், வழங்கப்பட்டாலும், விழாப் பட்டியலுக்கு வராது.